மௌஸை வலப்பக்கம் வைத்தேன்

பாப்பா,

நீ கேட்ட பழைய நோட்டீஸ் கிடைத்துவிட்டது. பீரோவின் மேல்தட்டில், உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் இருந்தது. அப்பாவிடம் கொடுத்திருந்தால் கடையில் ஸ்கேன் செய்து இரண்டு நிமிஷத்தில் உனக்கு மெயிலில் அனுப்பியிருப்பார். நான்தான் வேண்டாம் என்றேன். அந்தத் தாள் மட்டும் தனியாக உன் கைக்கு வருவதில் எனக்குச் சம்மதமில்லை. அதோடு சேர்ந்து வரவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை ஃபோனில் சொல்ல எனக்கு வராது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "அம்மா, எங்க ஆஃபீஸ், பக்கத்து ரெண்டு ஆஃபீஸ் எல்லாம் சேந்து கேமிங் போட்டி வெக்கிறோம், வெளியூர் ஆளுங்களும் ஆடலாம், என்னத்தான் நடத்தச் சொல்றாங்க, நம்ம ஊரு ரூல்ஸயே அப்படியே போட்டுக்கறேன்" என்றபோது நான் "ஆங்" என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷமில்லையோ என்று நினைத்திருப்பாய். சந்தோஷம்தான். ஆனால் "நீ ஆடலையா?" என்று நான் கேட்டதற்கு, "நடத்துறவங்க எப்படிம்மா ஆட முடியும்?" என்று சிரித்தாய். பெங்களூரில் புது வேலையில் சேர்ந்து எட்டு மாதமான என் பெண் சிரிக்கிறாள், நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ சொன்ன அந்த வாக்கியம் என்னுடையது. அது எப்படிப் பிறந்தது, அதை வைத்து நான் உனக்கு என்ன செய்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு அந்த நோட்டீஸை நீ எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்.

இதை ரயிலில்தான் எழுதுகிறேன். எழுத்து ஆடியிருந்தால் அது தண்டவாளத்தின் வேலை. வீட்டில் நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் உன் பெரியம்மா மூன்று முறை எட்டிப் பார்த்து, "இன்னாடி, இந்த வயசுல யாருக்கு லெட்டரு?" என்று கேட்டுவிடுவாள். காலையில் நான் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது மலையில் கோயில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இரவு இறங்கித் திரும்பும்போதும் எரிந்துகொண்டிருக்கும். நடுவில் பகல் என்று ஒன்று ஊரில் வந்துபோனதா என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்குத் தெரியும். பதினேழு வருஷமாக இப்படித்தான். அரக்கோணத்தில் கூட்டம் ஏறும், மணவூரில் பூக்கூடைகள் ஏறும், திருவள்ளூருக்குப் பிறகு கையைத் தூக்கி முகத்தைத் துடைக்க இடமிருக்காது. இந்தப் பெட்டியில் எல்லாரையும் பார்ப்பேன், யாரோடும் அதிகம் பேசமாட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் பிறந்த பள்ளிப்பட்டில் நினைத்தார்கள்; எனக்கு ஒன்றும் தெரியாதோ என்று சென்னையில் நினைத்தார்கள். இரண்டு இடத்திலும் வாய் திறக்காமல் இருப்பதே எனக்குச் சுலபமாக இருந்தது.

நான் இடதுகைக்காரி என்பது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கே தெரியாது. மூன்றாம் வகுப்பு வரை இடது கையால்தான் எழுதினேன், சாப்பிட்டேன். டீச்சர் சொல்லி அனுப்பியதும் நைனா, உன் தாத்தா, வேட்டியைக் கிழித்து என் இடது கையைச் சுற்றிக் கட்டிவிட்டார். அவருக்கே அது பிடிக்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அறுந்த நூலுக்கு எந்தக் கையால முடிச்சு போட்டன்னு தறி கேக்காது தல்லி. ஊரு கேக்குமே, நான் இன்னா பண்றது?" என்றார். ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தக் கட்டு இருந்தது. அவிழ்த்தபோது கை வெளுத்திருந்தது. நான் வலது கையால் எழுதுகிறவளாகியிருந்தேன். நீயும் இடது கையை நீட்டிக்கொண்டுதான் பிறந்தாய். பந்தியில் ஒருமுறை நீ இடது கையால் அப்பளத்தை எடுத்ததற்கு, "அய்ய, பீச்சாங்கைய எடுடி, சாமி ஊருல பொறந்துகினு" என்று பெரியம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள். நீ என்னைப் பார்த்தாய். நான் உன் கையைப் பிடித்து இலைக்குக் கீழே தள்ளினேன். எனக்குச் செய்ததை உனக்கும் செய்தேன். துணி மட்டும் கட்டவில்லை.

என் ஆஃபீஸ் வேலைக்கு டெஸ்டிங் என்று பெயர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் குறித்துக் கொடுக்க வேண்டும். பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கத் தெரிந்தவளுக்கு ஏற்ற வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அங்கே பையன்கள் கம்ப்யூட்டர்களை இணைத்துவைத்து ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவார்கள். நான் தயிர்சாத டப்பாவோடு பின்னால் நின்று பார்ப்பேன். இரண்டு வருஷம் நின்றிருப்பேன். "நீங்க ஆடறீங்களா?" என்று யாரும் கேட்டதில்லை, "நானும் ஆடட்டுமா?" என்று நானும் கேட்டதில்லை. ஆனால் யார் எந்த மூலையில் பதுங்குவான், யார் பயந்தால் குதிப்பான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த விளையாட்டின் இலவசப் பகுதியை ஃபிளாப்பிகளில் போட்டுச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், நாலு மெஷின் வைத்து நாம் அப்போதுதான் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்திருந்தோம். பிள்ளைகள் வரவில்லை. மே மாத லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் போட்டி வைத்தால் கூட்டம் வரும், வகுப்புக்கும் பெயர் கொடுப்பார்கள் என்றேன். அந்த வீட்டில் நானாக வாய் திறந்து சொன்ன முதல் யோசனை அது. தொண்ணூற்றேழில் பதினோரு பேரோடு ஆரம்பித்தது.

நோட்டீஸ் எழுத உட்கார்ந்தபோது, போட்டி என்றால் விதிமுறை வேண்டுமே என்று தோன்றியது. நான் அதுவரை எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதில்லை. எனக்குத் தெரிந்த விதிமுறை வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கீழே பொடி எழுத்தில் வருவதுதான். அதைப் பார்த்து எழுதினேன். அடித்தல் திருத்தல் கூடாது என்பதைக்கூட முதலில் எழுதி, பிறகு கம்ப்யூட்டருக்கு அது பொருந்தாது என்று எடுத்தேன். ஏழாவதாக, "பத்திரிகை அலுவலகத்தில் பணிபுரிபவர்களும் அவர்கள் குடும்பத்தினரும்" என்று இருந்ததை, "போட்டியை நடத்துபவரும் அவர் வீட்டாரும் கலந்துகொள்ளக் கூடாது" என்று மாற்றினேன். எட்டாவது, "நடத்துபவர் முடிவே இறுதியானது." எழுதி முடித்தபோது பெரிய நிம்மதி. இனி யாராவது "நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்க" என்றால், எல்லார் கண்ணும் என் முதுகில் விழ நான் உட்கார வேண்டியதில்லை. யாரும் என்னைத் தடுப்பதற்கு முன்னால் நானே எழுதி, நானே டைப் செய்து, உன் அப்பாவிடம் கொடுத்து இருநூறு பிரதி எடுத்து, பஸ் ஸ்டாண்டு சுவரிலும் ஒட்டச் சொன்னேன். மற்றவர்கள் பூட்டினால் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். நானே பூட்டிவிட்டு யாரைக் கேட்பேன்?

இரண்டாவது வருஷமே அந்த ஏழாவது விதிக்குச் சோதனை வந்தது. பாபு பெயர் கொடுத்தான். உன் பெரியப்பா மகன், நம்மோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவன். நான் பாவாவிடம், உன் பெரியப்பாவிடம், தயங்கித் தயங்கி, "வீட்டார் கூடாதுன்னு நோட்டீஸ்ல போட்டுட்டோமே பாவா" என்றேன். அவர் சிரித்தார். "ஏம்மா, உன் ரேஷன் கார்டுல அவன் பேரு எழுதிகீதா?"

"இல்லீங்க பாவா."

"அடுப்பு வேற, கார்டு வேற. கவர்மெண்டே தனி வீடுன்னு எழுதிக் குடுத்துகீது. நீ இன்னா கவர்மெண்டுக்கு மேலயா?"

கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நம் போட்டியில் வீட்டார் என்றால் ரேஷன் கார்டில் உள்ளவர்கள் என்று ஆகிவிட்டது. என் கார்டில் மூன்றே பெயர்கள்: உன் அப்பா, நான், நீ.

உனக்கும் எனக்கும் இருந்தது சனிக்கிழமைகள்தான். போட்டிக்கு முந்தின நாள் ஒவ்வொரு மெஷினும் சரியாக ஓடுகிறதா, கேபிள் கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக் கேபிளில் ஒரு இடத்தில் கால் பட்டாலும் எல்லா மெஷினும் சேர்ந்து நின்றுவிடும். உன்னைத் துணைக்குக் கூப்பிட்டுப்போய் மாடிக் கதவைச் சாத்திவிட்டு, நீ ஒரு மெஷின், நான் ஒரு மெஷின் என்று உட்கார்வோம். அதற்கு நாம் வைத்த பெயரும் டெஸ்டிங்தான். போட்டி இல்லாத மாதங்களிலும், "அம்மா, டெஸ்டிங் பண்ணலாமா?" என்று நீ கேட்பாய்; வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அது வேலை போல இருக்கும். முதல் நாளே நீ மௌஸைத் தூக்கி இடப்பக்கம் வைத்தாய். வயர் எட்டாமல் கீபோர்டின் மேலே குறுக்காகக் கிடந்தது. நான் அதைத் திருப்பி வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நீ பார்க்காதபோது, நானும் என் மௌஸை இடப்பக்கம் மாற்றினேன். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அந்தக் கையை நான் நம்பி ஒன்றில் வைத்தது அன்றைக்குத்தான். உனக்கு ஒன்பது வயது இருக்கும். பதினொன்றில் நீ என்னைத் தோற்கடிக்க ஆரம்பித்தாய். பதிமூன்றில், நான் எங்கே ஒளிந்தாலும் உனக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு மூலை திரும்புவதற்கு முன்னால் நீ ஒரு கணம் நிற்பாய். எல்லாரும் ஓடித் திரும்பி அடிபடுவார்கள். நீ நின்று, சத்தம் கேட்டு, பிறகுதான் திரும்புவாய். அது என்னிடமிருந்து வந்தது. கூட்டமான அறைக்குள் நுழையும் முன் நான் அப்படித்தான் வாசலில் நிற்பேன். என்னிடம் கூச்சமாக இருந்தது உன்னிடம் ஆட்டமாக மாறியிருந்தது.

அந்த வருஷம்தான் கேட்டாய். "அம்மா, இந்தத் தடவ நானும் பேர் குடுக்கட்டுமா?" நான் நிமிரவே இல்லை. "ரூல்ல இல்லையே பாப்பா" என்றேன். "பாபு அண்ணா மட்டும்?" என்றாய். "அவங்க கார்டு வேற" என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் பாவாவின் குரல் மாதிரியே இருந்தது எனக்கே கேட்டது. நீ மறுபடி கேட்கவில்லை. இப்போது உண்மையைச் சொல்கிறேன். விதி இருக்கிறதே என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அரக்கோணத்திலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் நாற்பது பையன்கள் வரும் இடத்தில் நீ முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆடுவாய், பின்னால் நின்று அவர்கள் ஏதாவது சொல்வார்கள், அது பெரியம்மா காதுக்கு வரும், பிறகு மாடிக்கு நீ வருவதே நின்றுபோகும் என்று பயந்தேன். அந்தப் பயத்தை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்னோடு சண்டையாவது போட்டிருப்பாய். விதியோடு சண்டை போட முடியாது என்பதால் விதியைக் காட்டினேன்.

இனி அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி. அப்போது உனக்குப் பதினைந்து. எட்டு மெஷின் வந்திருந்தது. மாடியில் வெயில் தாங்காமல் மெஷின்கள் நின்றுவிடுகின்றன என்று, கடைசி ஆட்டத்துக்கு மட்டும் ஆடும் இரண்டு பேரைத் தவிர யாரையும் மேலே விடக் கூடாது என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். பிளைவுட் தடுப்புக்கு இந்தப்பக்கம் ஒருவன், அந்தப்பக்கம் ஒருவன். கூட்டமெல்லாம் கீழே கடை வாசலில். நான் அங்கே ஒரு மெஷினில் ஆட்டத்தை ஓடவிட்டு எல்லாருக்கும் காட்டுவேன். அந்தப்பக்கம் ஜோசப், அரக்கோணம் ரயில்வே குடியிருப்புப் பையன். மூன்று வருஷமாக வருபவன், நன்றாக ஆடுபவன், ஒருமுறைகூட முறைத்துப் பேசாதவன். இந்தப்பக்கம் பாபு. பாவா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார், வார்டு மெம்பரை மாலை போட்டு உட்காரவைத்திருந்தார். ஆட்டத்துக்குச் சற்று முன்னால் பாபுவின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. மாடிப்படி ஏறும்போது வாயைப் பொத்திக்கொண்டே ஏறினான். அவனுக்குப் பின்னால் நீ தண்ணீர்ச் சொம்போடு போனாய். படிக்குக் கீழே உன் அப்பா உட்கார்ந்திருந்தார், வழிவிட்டார். தண்ணீர் கொண்டுபோகிற பெண் மேலே போனதை யாரும் கவனிப்பதில்லை. அவள் கீழே வராததையும்.

ஆட்டம் தொடங்கியது. திரையில் பாபு என்று பெயர். முதல் மூலை வந்ததும் அந்த உருவம் நின்றது.

"டேய், இன்னாடா நின்னுகினு கீறான்?"

"பயந்துட்டான்டா. பூந்து அடி பாபு!"

"எங்க பூந்து அடிக்கிறது, மெம்பரு வந்துகீறாருன்னு அவனுக்கு ஒதறுது!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜோசப் ஓடிவந்து திரும்பினான், அடிபட்டான். அடுத்த மூலையிலும் அது ஒரு கணம் நின்றது. என் விரல்கள் கீபோர்டில் அப்படியே இருந்தன. உன்னைப் பெற்றபோதுகூட நான் அவ்வளவு தெளிவாக உன்னை அடையாளம் கண்டதில்லை. மூன்றாவது மூலைக்குள் சிரிப்பு நின்று, ஐந்தாவதில் விசில் அடித்தார்கள். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்தத் தெருவில் நான் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. கத்தவில்லை. நீ ஜெயித்தாய். கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் இல்லை. ஜோசப் கடைசியில் ஓடுவதை நிறுத்திவிட்டு உன்னை மாதிரியே நின்று பார்க்க ஆரம்பித்திருந்தான்.

பாபு இறங்கி வந்தான். கூட்டம் அவனைத் தூக்கியது. சொம்போடு நீயும் இறங்கி வந்து பெரியம்மா பக்கத்தில் நின்றாய். மெஷினை அணைத்துவிட்டு வருகிறேன் என்று நான் மாடிக்குப் போனேன். பாபுவின் மேஜையில் மௌஸ் இடப்பக்கம் இருந்தது. வயர் கீபோர்டின் மேலே குறுக்காகக் கிடந்தது. மௌஸைத் தொட்டேன், உன் உள்ளங்கை வியர்வை இன்னும் காயவில்லை. அங்கே நான் அதிக நேரம் நிற்கவில்லை. ஆனால் நன்றாக யோசித்துத்தான் செய்தேன். உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம். நியாயப்படி ஜோசப்புக்குத்தான் முதல் பரிசு. பாவா மெம்பர் முன்னால் தலை குனிவார். பாபுவுக்கு வீட்டில் அடி விழும். உன்னை என்ன சொல்வார்கள் என்பதை நினைக்கவே எனக்குத் தைரியமில்லை. கட்டடம் பாவாவுடையது, மாடியும் போய்விடும், நம் சனிக்கிழமைகளும் போய்விடும். எல்லாம் காரணங்கள்தான். மௌஸைத் தூக்கி வலப்பக்கம் வைத்தேன். வயரைச் சரிசெய்தேன். கீழே இறங்கினேன்.

மைக் எப்போதும் பாவாவிடம்தான் இருக்கும். அன்றைக்கென்று, "நீயே சொல்லும்மா, நடத்துறவங்க வாயால வந்தாதான் மரியாத" என்று என் கையில் திணித்தார். என் வாழ்க்கையில் மைக்கில் நான் பேசியது அந்த ஒருமுறைதான். "முதல் பரிசு, பாபு" என்றேன். ஸ்பீக்கரில் அந்தப் பெயர் தெருமுனை வரை போய்த் திரும்பியது. நீ தட்டிலிருந்து கோப்பையை எடுத்து மெம்பரிடம் நீட்டினாய். வலது கையால் நீட்டினாய். நான் எவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன் பார். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, நீ என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் இருந்தது திருட்டுத்தனம் இல்லை பாப்பா. "சொல்லேன், கண்டுபிடியேன்" என்பது போல இருந்தது. நான் கண்டுபிடிக்காதவள் மாதிரி, மெம்பருக்குப் போர்த்திய சால்வையை மடித்தேன்.

மறு மாதம் அரக்கோணத்தில் ஜோசப் என் பெட்டிக்கு வெளியே ஜன்னலோரம் வந்து நின்றான். "அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த பாபு மாதிரி ஆடறவன நான் பாத்ததே இல்லக்கா. கோவமே வரல தோத்ததுக்கு. அவன் நிக்கிறான் பாருங்க, அத நான் வீட்ல பழகிகினு கீறேன். அடுத்த வருஷம் திரும்பி அவனோட ஆடணும்னு சொல்லிடுங்க." வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் பாபு பெயர் கொடுக்கவில்லை. பிறகு ஆடவே இல்லை. ஜோசப் இரண்டு வருஷம் வந்து வந்து கேட்டுவிட்டு, வேலை கிடைத்து வடக்கே எங்கோ போய்விட்டான். அவன் பரிசை நான் எடுத்துப் பாபுவுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியாமலே போயிற்று. அதற்கு இனி நான் எங்கே போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் உனக்குச் சொன்னதை மட்டும் இப்போது உன்னிடம் சேர்க்கிறேன். இத்தனை வருஷம் அதை நான் வைத்திருந்தது தப்பு. நீ கல்லூரியில் யாரும் உன்னை மதிக்கவில்லை என்று அழுதாயே, அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும் என்று விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு மே மாதமும் நடத்தினேன். நிறுத்தலாம் என்று இரண்டு மூன்று முறை நினைத்தேன். "கம்ப்யூட்டர் அக்கா, இந்த வருஷம் எப்போ?" என்று காய்கறிக் கடையில் கேட்பார்கள், ரயிலில் கேட்பார்கள். விரும்பித் தொடங்கியதை விட முடியாமல் செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை டெஸ்டிங்குக்கு நீ வருவது குறைந்தது. பரீட்சை என்றாய், தலைவலி என்றாய். கடைசியில் எட்டு மெஷினையும் நான் ஒருத்தியே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். மௌஸ்களை வலப்பக்கமாகவே வைத்து ஓட்டினேன்.

போன ஞாயிறு உன் ஃபோன் வந்த பிறகு கடைக்கு இறங்கிப் போனேன். பாபு தனியாக இருந்தான். கல்யாணமாகி, தொப்பை விழுந்து, அவனும் அந்தக் கடைக்குள்ளேயே இருக்கிறான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "பாபு, அன்னிக்கு ஃபைனல்ல" என்றேன். அவன் ஜெராக்ஸ் மூடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"இத்தினி வருஷம் ஆச்சா சித்தி உங்களுக்கு?"

"தெரியுமா உனக்கு, எனக்குத் தெரியும்னு?"

"அன்னிக்கே தெரியும். எல்லாரும் போனப்புறம் மௌஸ மாத்தி வெக்கலாம்னு மேல போனேன். அது ஏற்கெனவே ரைட்டுல இருந்துச்சு. உங்களத் தவிர யாரு மேல போனாங்க?"

"பாப்பாகிட்ட சொன்னியா?"

"இன்னா சித்தி நீங்க. சொன்னா அவ உங்களோட பேசுவாளா? நான் பாத்ரூம்ல வாந்தி எடுத்துகினு கீறேன், அவ கதவுக்கு வெளியே நின்னுகினு, 'அண்ணா, நீ அங்கியே இரு, நான் ஆடறேன், எனக்கு ஒரே ஒரு தடவ ஆடணும்'னா. ஜெயிக்கணும்னு சொல்லல. ஆடணும்னா." பிறகு, "அந்தக் கோப்பைய எங்கம்மா ஷோகேஸ்ல வெச்சு, வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டறாங்க. எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே புடிக்கல" என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்து மீதிப் பிரதியை எடுக்க ஆரம்பித்தான்.

ஒரே ஒரு தடவை ஆட வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்கு, வேறொருவன் பெயரில்தான் அது கிடைத்தது. அதையும் நான் அழித்து வைத்தேன். இதற்காக என்னை மன்னித்துவிடு என்று எழுதினால், அதற்கு நீ உடனே பதில் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு கட்டாயத்தை உனக்குக் கொடுக்க மாட்டேன். கோபப்படு. ஒரு மாதம் ஃபோன் செய்யாமல் இரு. ஆனால் என் நோட்டீஸை அப்படியே எடுத்துப் போட்டு, பேர் எழுதுகிற மேஜையிலும் கூட்டத்துக்குப் பின்னாலும் நின்றே உன் காலத்தைக் கழித்துவிடாதே. நடத்துகிறவள் என்பது கௌரவமான பெயர்தான். அந்தப் பெயருக்குள் நான் பன்னிரண்டு மே மாதம் ஒளிந்திருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் நான் எல்லாரையும் உள்ளே விடுகிறவளாகத்தான் தெரிந்தேன்.

தாளில் ஏழாவது விதியை அடித்திருக்கிறேன். கோடு குழந்தை கிறுக்கியது போல இருக்கும். திருவள்ளூர் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது இடது கையில் பேனாவை எடுத்து அடித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கையில அடியா?" என்றாள். "இல்லம்மா, இதுதான் என் கை" என்றேன். ஒரு அந்நியரிடம் இவ்வளவு நான் பேசியதே அதிகம்.

உன் போட்டி நடக்கும் சனி, ஞாயிறுக்கு முன்னும் பின்னும் ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, சொல்வேன். நீ வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். வரலாம் என்றால், வெளியூர் ஆட்கள் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொள். முதல் சுற்றிலேயே தோற்றுப்போவேன், எல்லாரும் பார்ப்பார்கள், பார்க்கட்டும். எனக்கென்று ஒதுக்கும் மேஜையில் மௌஸை இடப்பக்கம் வைத்துவிடு.

உன் மேஜையிலும்.

அம்மா